பவுலின் வழித்தடத் திருப்பயணம்

பவுலின் வழித்தடத் திருப்பயணம் என்பது, திருத்தூதர் பவுல் கி.பி. முதல் நூற்றாண்டில் நற்செய்தி அறிவிக்கச் சென்றதாகப் புதிய ஏற்பாடு கூறும் ஊர்களைக் கிறித்தவர்கள் நேரில் கண்டு வழிபடும் பயணம் ஆகும். இவ்வூர்கள் மத்தியதரைக் கடலின் கிழக்கு, வடக்குக் கரைகளில் பரவியுள்ளன. இன்றைய சிரியா, லெபனான், இசுரேல், துருக்கி, சைப்பிரசு, கிரேக்கம், மால்ட்டா, இத்தாலி ஆகிய நாடுகளில் அவை அமைந்துள்ளன.

எருசலேம், உரோமை போன்ற திருத்தலங்களுக்குச் செல்வோர் ஒரு குறிப்பிட்ட கோவிலையோ கல்லறையையோ நோக்கிச் செல்கின்றனர். பவுலின் வழித்தடத்தில் அத்தகைய ஒற்றை இலக்கு கிடையாது. ஊர்களும் அவற்றை இணைத்த சாலைகளும் கடல்வழிகளுமே இங்குத் திருத்தலங்களாகக் கருதப்படுகின்றன. இந்த ஊர்களுள் பல இன்று மக்கள் வாழாத இடிபாடுகள். ஆகவே ஓரிடத்தில் காட்டப்படுவது எந்த அளவுக்கு உறுதியானது என்பதை அறிந்துகொள்வது இப்பயணத்தின் முக்கியப் பகுதியாகும்.

பின்னணி

பவுல் சிலிசியா நாட்டின் தர்சு நகரில் பிறந்த யூதர். சவுல் என்பது அவருடைய எபிரேயப் பெயர். பரிசேயர் பிரிவைச் சேர்ந்த அவர் உரோமைக் குடியுரிமையும் பெற்றிருந்தார். கூடாரம் செய்வது அவருடைய தொழில். தொடக்கத்தில் இயேசுவின் சீடர்களைத் துன்புறுத்திய அவர், தமஸ்கு செல்லும் வழியில் ஏற்பட்ட அனுபவத்தால் மனம் மாறி, யூதரல்லாத மக்களிடையே கிறித்தவத்தைப் பரப்பும் பணியை ஏற்றார்.

அவருடைய பயணங்களைப் பற்றிய செய்திகள் இரண்டு இடங்களிலிருந்து கிடைக்கின்றன. முதலாவது, லூக்கா எழுதியதாகக் கருதப்படும் 'திருத்தூதர் பணிகள்' என்னும் நூல். தமிழின் பழைய மொழிபெயர்ப்பில் இது 'அப்போஸ்தலருடைய நடபடிகள்' எனப்படுகிறது. இரண்டாவது, பவுல் தாமே எழுதிய கடிதங்கள்.

பாடநூல்களிலும் விவிலிய வரைபடங்களிலும் 'முதல் பயணம்', 'இரண்டாம் பயணம்', 'மூன்றாம் பயணம்', 'உரோமைப் பயணம்' என்ற பகுப்பு காணப்படுகிறது. இது படிப்பவர்களின் வசதிக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்டது. திருத்தூதர் பணிகள் நூல் பயணங்களுக்கு எண் கொடுப்பதில்லை. மேலும், அந்நூல் எல்லாப் பயணங்களையும் சொல்லவும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில், தாம் மூன்று முறை கப்பற்சிதைவில் சிக்கியதாகப் பவுல் எழுதுகிறார். திருத்தூதர் பணிகள் விவரிக்கும் ஒரே கப்பற்சிதைவு, மால்ட்டாவுக்கு அருகில் அதற்குப் பிறகு நடந்தது. எனவே வரைபடத்தில் காணும் கோடுகள் அவருடைய முழுப் பயண வாழ்க்கையைக் காட்டுவதில்லை.

மூவகைச் சான்றுகள்

இவ்வழித்தடத்தில் பயணிகளுக்குக் காட்டப்படும் இடங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, நூலில் குறிப்பிடப்பட்டு, அகழாய்வாலும் கல்வெட்டாலும் இடம் உறுதி செய்யப்பட்டவை. எபேசு நகரின் அரங்கமும் கொரிந்து நகரின் நடுவர் மேடையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை, நூலில் குறிப்பிடப்பட்டிருந்தாலும், நிகழ்ச்சி நடந்த சரியான இடம் எதுவென்று நிறுவ முடியாதவை. பிலிப்பியில் பவுலும் சீலாவும் அடைக்கப்பட்ட சிறை இதற்கு எடுத்துக்காட்டு. இன்று 'பவுலின் சிறை' என்று காட்டப்படும் நிலவறை, உண்மையில் உரோமைக் காலத்து நீர்த்தொட்டியாக இருந்தது என்று தொல்லியலாளர் கருதுகின்றனர்.

மூன்றாம் வகை, நூலில் இல்லாமல் மரபாக மட்டும் வழங்கி வருபவை. சைப்பிரசின் பாப்போ நகரில் ஒரு பளிங்குத் தூணைக் காட்டி, பவுலை அதில் கட்டிச் சாட்டையால் அடித்தார்கள் என்பர். பாப்போவில் பவுல் அடிக்கப்பட்டதாகத் திருத்தூதர் பணிகள் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் வகை இடங்களைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. பல நூற்றாண்டுகளாக மக்கள் அங்கே நின்று வேண்டியுள்ளனர். அதுவும் ஒரு வரலாறே. ஆனால் அது பவுலை நினைவுகூர்ந்தவர்களின் வரலாறு. பவுலின் வரலாற்றுக்குச் சான்றாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது.

திருப்பயணத்தின் வரலாறு

பவுலோடு தொடர்புடைய இடங்களைப் பயணிகள் கவனித்ததற்கான சான்று நான்காம் நூற்றாண்டிலேயே உள்ளது. கி.பி. 333இல் இன்றைய பிரான்சின் போர்தோ நகரிலிருந்து எருசலேம் சென்ற பெயர் தெரியாத ஒரு பயணி, தாம் கடந்த ஊர்களை வரிசையாகக் குறித்து வைத்தார். தர்சு வரும்போது அது பவுலின் ஊர் என்றும், பிலிப்பி வரும்போது பவுலும் சீலாவும் சிறையில் இருந்த ஊர் என்றும் அவர் எழுதுகிறார். ஆனால் அவர் அந்த ஊர்களைத் தேடிச் சென்றவர் அல்லர். அவை எருசலேம் சாலையில் இருந்தன.

அதே நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண் பயணி, இன்றைய துருக்கியின் சிலிப்கே நகருக்கு அருகிலுள்ள புனித தெக்லாவின் திருத்தலத்துக்குச் சென்றார். தெக்லா, பவுலின் போதனையைக் கேட்டு மனம் மாறியவர் என்று மரபு கூறும் பெண். உரோமையில் சூன் 29ஆம் நாள் பேதுரு, பவுல் இருவரின் திருநாளுக்கு மக்கள் திரண்டதைக் கவிஞர் புருதென்சியு ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்துள்ளார்.

ஆயினும், பவுல் சென்ற ஊர்களை அவர் சென்ற வரிசையிலேயே தொடர்ந்து செல்லும் பழக்கம் பெரிதும் நவீன காலத்தில் உருவானது. அதற்கு அடித்தளம் இட்டவர்கள் தொல்லியலாளர்கள். பிசிதியா நாட்டு அந்தியோக்கியாவின் இடத்தை 1833இல் பிரான்சிசு அருண்டெல் என்னும் ஆங்கிலேய மதகுரு அடையாளம் கண்டார். லிஸ்திரா எங்கே இருந்தது என்பது 1885இல் கிடைத்த ஒரு கல்வெட்டால் தெரியவந்தது. தெருபையின் இடத்தைக் காட்டும் கல்வெட்டு 1956இல்தான் கிடைத்தது. இசுக்கொட்லாந்து அறிஞர் வில்லியம் இராம்சே (1851–1939) சின்ன ஆசியாவின் சாலைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பவுலின் பயணங்களைப் பற்றிய நூலை 1895இல் வெளியிட்டார். எச். வி. மார்ட்டன் என்னும் எழுத்தாளர் 1936இல் வெளியிட்ட பயண நூல் பொது வாசகரிடையே இவ்வழித்தடத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

2001ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கிரேக்கம், சிரியா, மால்ட்டா ஆகிய நாடுகளுக்குப் பவுலின் அடிச்சுவட்டில் திருப்பயணம் மேற்கொண்டார். 2008 சூன் 28 முதல் 2009 சூன் 29 வரை கத்தோலிக்கத் திருச்சபை 'பவுல் ஆண்டு' கொண்டாடியது. பவுல் பிறந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு இது அறிவிக்கப்பட்டது.

வழித்தடத்தின் பகுதிகள்

தமஸ்குவும் அந்தியோக்கியாவும்

தமஸ்கு நகரில் பவுல் தங்கியிருந்த 'நேர்த் தெரு' இன்றும் பழைய நகரின் குறுக்கே கிழக்கு மேற்காகச் செல்கிறது. உரோமைக் காலத்தில் தூண் வரிசைகளோடு இருந்த அகன்ற சாலை இது. இப்போது அதன் ஒரு பகுதி கடைவீதியாக உள்ளது. பவுலுக்குத் திருமுழுக்கு அளித்த அனனியாவின் வீடு என்று ஒரு நிலத்தடிச் சிற்றாலயமும், பவுல் கூடையில் வைத்து மதில் வழியே இறக்கப்பட்ட இடம் என்று கிசான் வாயிலும் காட்டப்படுகின்றன. கூடையில் இறங்கித் தப்பிய நிகழ்ச்சியைப் பவுல் தம் கடிதத்திலும் குறிப்பிடுகிறார்.

ஓரோந்து ஆற்றங்கரையில் இருந்த சிரியாவின் அந்தியோக்கியா இன்று துருக்கியில் அந்தாக்கியா என்ற பெயருடன் உள்ளது. சீடர்கள் முதன்முதலில் 'கிறித்தவர்கள்' என்று அழைக்கப்பட்டது இவ்வூரில்தான். பவுலின் பயணங்கள் புறப்பட்டதும் இங்கிருந்துதான். மலைச்சரிவில் உள்ள புனித பேதுருவின் குகைக் கோவில் இங்குள்ள முக்கிய வழிபாட்டிடம்.

சைப்பிரசும் தென் துருக்கியும்

சுமார் கி.பி. 46 முதல் 48 வரை நடந்த பயணத்தில் பவுலும் பர்னபாவும் செலூக்கியா துறைமுகத்திலிருந்து சைப்பிரசு சென்றனர். தீவின் கிழக்கிலுள்ள சலமியில் இறங்கி, மேற்கிலுள்ள பாப்போவரை சென்றனர். அங்கே ஆளுநர் செர்கியு பவுலைச் சந்தித்தனர். பின்னர் கடலைக் கடந்து பெருகை வந்து, அங்கிருந்து தாரசு மலைத்தொடரைத் தாண்டிப் பிசிதியா நாட்டு அந்தியோக்கியாவை அடைந்தனர். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது.

கடற்கரையின் பெரிய நகரங்களை விட்டுவிட்டு அவர்கள் ஏன் இந்த மலைநகரத்துக்குச் சென்றார்கள் என்ற கேள்விக்கு ஒரு கல்வெட்டு சுவையான விடையைத் தருகிறது. செர்கியு பவுல் குடும்பத்தின் பெயர் பொறித்த கல் அந்த அந்தியோக்கியாப் பகுதியிலேயே கிடைத்துள்ளது. பாப்போவின் ஆளுநர் தம் உறவினர்களுக்கு அறிமுகம் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகின்றனர். இது ஊகமே.

அடுத்து அவர்கள் இக்கோனியா, லிஸ்திரா, தெருபை ஆகிய ஊர்களுக்குச் சென்றனர். லிஸ்திராவில் மக்கள் பர்னபாவைச் சேயுசு என்றும் பவுலை எர்மசு என்றும் எண்ணி வணங்க முற்பட்டனர். சிறிது காலத்திலேயே பவுலைக் கல்லால் அடித்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டனர். இன்று லிஸ்திராவும் தெருபையும் வயல்களுக்கு நடுவே உள்ள மண்மேடுகள்.

பெருகையிலிருந்து மலைகளைக் கடந்து பிசிதியா நாட்டு அந்தியோக்கியா செல்லும் நடைபாதை ஒன்று 2004இல் திறக்கப்பட்டது. கேட் குளோ என்பவர் முன்னின்று அமைத்த இப்பாதை 'புனித பவுல் தடம்' எனப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சிவப்பு வெள்ளைக் கோடுகளால் குறியிடப்பட்ட இத்தடம் சில இடங்களில் பழைய உரோமைச் சாலையின் மேலேயே செல்கிறது. பவுல் எந்தப் பாதையில் நடந்தார் என்று நூல் கூறாததால், இது அவர் நடந்த பாதை என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

மக்கெதோனியாவும் அக்காயாவும்

சுமார் கி.பி. 49 முதல் 52 வரையான பயணத்தில் பவுல், சீலா, திமொத்தேயு ஆகியோர் துரோவா துறைமுகத்திலிருந்து கப்பலேறி, சமோத்திராக்கித் தீவு வழியாக நெயாப்பொலி வந்தனர். இந்த இடத்திலிருந்துதான் திருத்தூதர் பணிகள் நூலில் 'நாங்கள்' என்ற சொல் தோன்றுகிறது. நூலாசிரியரும் பயணத்தில் சேர்ந்துகொண்டார் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வோர் உண்டு.

நெயாப்பொலிதான் இன்றைய கவாலா. அங்கிருந்து பிலிப்பி செல்லும் வழி, அத்திரியாத்திக் கடலையும் பைசாந்தியத்தையும் இணைத்த எக்னாத்தியா பெருஞ்சாலையின் ஒரு பகுதி. அதன் கற்பாவு பிலிப்பியில் இன்றும் காணப்படுகிறது. பிலிப்பி 2016இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகருக்கு வெளியே உள்ள சிற்றாற்றின் கரையில், கருஞ்சிவப்புத் துணி விற்ற லீதியா திருமுழுக்குப் பெற்றதன் நினைவாக ஒரு கோவில் கட்டப்பட்டுள்ளது. இந்த ஆற்றங்கரையில் பயணிகள் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது வழக்கம். இடிபாடுகளுக்குள் அகழ்ந்தெடுக்கப்பட்ட நான்காம் நூற்றாண்டுக் கோவிலின் தரை ஓவியத்தில் பவுலின் பெயர் காணப்படுகிறது. அவருடைய நினைவு இவ்வூரில் எவ்வளவு பழமையானது என்பதை இது காட்டுகிறது.

தெசலோனிக்காவின் ஆட்சியாளர்களைத் திருத்தூதர் பணிகள் 'பொலித்தார்க்' என்ற சொல்லால் குறிக்கிறது. பழைய கிரேக்க இலக்கியங்களில் காணப்படாத சொல் என்பதால், இது நூலாசிரியரின் பிழையாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் ஐயுற்றனர். பின்னர் தெசலோனிக்காவிலும் மக்கெதோனியாவின் பிற ஊர்களிலும் இச்சொல் பொறித்த கல்வெட்டுகள் பல கிடைத்தன. நகரின் பழைய வாயில் ஒன்றில் இருந்த கல்வெட்டு இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஏதென்சில் அக்ரோப்பொலி குன்றுக்கு மேற்கே உள்ள அரியோபாகு என்னும் பாறைக் குன்று பயணிகள் தவறாமல் செல்லும் இடம். அங்கே பவுல் ஆற்றிய உரையின் கிரேக்க மூலம் பொறித்த வெண்கலப் பலகை குன்றின் அடியில் பதிக்கப்பட்டுள்ளது. பாறை பல்லாண்டு நடமாட்டத்தால் வழவழப்பாகியுள்ளதால் ஏறும்போது கவனம் தேவை.

கொரிந்தில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கினார். யூதத் தலைவர்கள் அவரை ஆளுநர் கல்லியோவின் முன் நிறுத்தினர். கல்லியோ வழக்கை ஏற்க மறுத்தார். சந்தைவெளியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உயர்ந்த கல்மேடையே அந்த நடுவர் மேடை என்று கொள்ளப்படுகிறது.

பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டுக் கணக்கு கிடைப்பது இந்தக் கல்லியோவின் பெயரால்தான். தெல்பி நகரில் துண்டு துண்டாகக் கிடைத்த ஒரு கல்வெட்டில், கிளவுதியு பேரரசர் அனுப்பிய கடிதம் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் கல்லியோ ஆளுநராகக் குறிப்பிடப்படுகிறார். பேரரசருக்கு 26ஆம் முறை வெற்றி முழக்கம் எழுப்பப்பட்ட காலம் என்ற குறிப்பால், கடிதம் கி.பி. 52ஆம் ஆண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்று கணக்கிடப்படுகிறது. இத்தகைய ஆளுநர்களின் பதவிக்காலம் பொதுவாக ஓராண்டு. எனவே பவுல் கொரிந்தில் இருந்த காலம் ஏறத்தாழ கி.பி. 50 முதல் 52 வரை எனத் தெரிகிறது. மற்றப் பயணங்களுக்குத் தரப்படும் ஆண்டுகள் பெரும்பாலும் இதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் பெறப்பட்டவை. பவுல் சென்றதாகத் திருத்தூதர் பணிகள் குறிப்பிடாத தெல்பி, அவர் வரலாற்றைப் படிப்போருக்கு இவ்வளவு முக்கியமானதற்கு இதுவே காரணம்.

எபேசு

மூன்றாம் பயணத்தில் பவுல் மிக நீண்ட காலம் தங்கிய ஊர் எபேசு. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கிருந்து பணியாற்றினார். அவருடைய போதனையால் அர்த்தமி தெய்வத்தின் வெள்ளிக் கோவில் உருவங்கள் விற்பனை குறையும் என்று அஞ்சிய தெமேத்திரியு என்ற தட்டார், தம் தொழிலாளரைத் தூண்டிக் கலகம் விளைவித்தார். கூட்டம் நகர அரங்கத்துக்குள் பாய்ந்தது. சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கம் இன்றும் நிற்கிறது. அதற்கு மாறாக, பழங்கால உலக அதிசயங்களுள் ஒன்றான அர்த்தமி கோவில் இருந்த இடத்தில், கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண்தான் உள்ளது.

அரங்கத்திலிருந்து துறைமுகச் சாலையில் நடப்பவர் கடலைக் காண முடியாது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டதால், கடல் இன்று பல கிலோமீட்டர் தள்ளிச் சென்றுவிட்டது. பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெற்ற மிலேத்து துறைமுகத்துக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது. வணிகம் போனதும் மக்களும் போயினர். பவுல் சென்ற நகரங்களுள் பல பெரிய துறைமுகங்களாக இருந்து இன்று வயல்வெளிகளில் கிடப்பதற்குப் போரைப் போலவே வண்டலும் ஒரு காரணம்.

கடற்பயணமும் மால்ட்டாவும்

எருசலேமில் கைதாகி, செசரியாவில் இரண்டு ஆண்டுகள் சிறையிருந்த பவுல், உரோமைக் குடிமகன் என்ற உரிமையால் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். சுமார் கி.பி. 59 அல்லது 60இல் அவர் கைதியாகக் கப்பலில் அனுப்பப்பட்டார். மீரா துறைமுகத்தில் அவரை அலெக்சாந்திரியாவின் கப்பல் ஒன்றுக்கு மாற்றினர். எகிப்தின் கோதுமையை உரோமைக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களுள் அதுவும் ஒன்று.

அக்காலத்தில் நவம்பர் முதல் மார்ச்சு வரை கப்பலோட்டுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவர். கிரேத்துத் தீவின் தெற்குக் கரையில் 'நல்ல துறைமுகம்' என்று பொருள்படும் இடத்தை அடைந்தபோது, யூதர்களின் பாவக்கழுவாய் நோன்பு கடந்துவிட்டதாக நூல் கூறுகிறது. அந்நோன்பு செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபரில் வருவது. எனவே பாதுகாப்பான பருவம் முடிந்துவிட்டது. பவுலின் எச்சரிக்கையை மீறிப் புறப்பட்ட கப்பல் வடகிழக்குப் புயலில் சிக்கியது. 14ஆம் இரவில் மாலுமிகள் அளவுநூல் விட்டுப் பார்த்தபோது ஆழம் இருபது பாகமாகவும், சற்றுத் தொலைவில் பதினைந்து பாகமாகவும் இருந்தது. கரை நெருங்கியதை அறிந்து பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கினர். கப்பல் உடைந்தாலும் அதிலிருந்த 276 பேரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

கரை சேர்ந்த தீவு மால்ட்டா. அங்குள்ள புனித பவுல் விரிகுடாவையும், மூன்று மாதத் தங்கலோடு மரபு தொடர்புபடுத்தும் இரபாத்து ஊரின் குகையையும் பயணிகள் காண்கின்றனர். பெப்ரவரி 10ஆம் நாள் கப்பற்சிதைவுத் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நாடெங்கும் விடுமுறை. கப்பலோட்டத்தில் அனுபவமுள்ள இசுக்கொட்லாந்துக்காரர் யேம்சு சிமித்து, காற்றின் திசை, கப்பல் அலைந்த வேகம், கடலின் ஆழம் ஆகியவற்றைக் கணக்கிட்டு 1848இல் வெளியிட்ட நூலில் மால்ட்டாவே அத்தீவு என்று வாதிட்டார். குரோவாசியாவின் மிலியெத்துத் தீவே அது என்று கூறுவோரும் உண்டு.

உரோமை

சிரக்கூசா, இரேகியு, புத்தயோலி வழியாகப் பவுல் உரோமை அடைந்தார். வாடகை வீட்டில் காவலின்கீழ் இரண்டு ஆண்டுகள் தங்கிப் போதித்தார் என்று கூறித் திருத்தூதர் பணிகள் முடிகிறது. அவருடைய இறப்பை அந்நூல் சொல்லவில்லை. நீரோ மன்னன் காலத்தில் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது பழங்கால மரபு. மூன்று நீரூற்றுகள் என்று பொருள்படும் திரே பொந்தானே அந்த இடமாகக் கருதப்படுகிறது.

அவருடைய கல்லறையின்மேல் எழுப்பப்பட்டதாகக் கொள்ளப்படும் புனித பவுல் பெருங்கோவில் பழைய நகர மதிலுக்கு வெளியே உள்ளது. 1823இல் தீவிபத்தில் பெரிதும் அழிந்த இக்கோவில் மீண்டும் கட்டப்பட்டு 1854இல் நேர்ந்தளிக்கப்பட்டது. பலிபீடத்தின் அடியில் உள்ள கல் பேழையில் சிறு துளையிட்டு எடுக்கப்பட்ட எலும்புத் துணுக்குகள் முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியதாகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 சூன் 28இல் அறிவித்தார். அக்கணிப்பு எலும்பின் காலத்தைச் சொல்லும். யாருடைய எலும்பு என்பதைச் சொல்லாது.

இன்றைய பயண முறை

முழு வழித்தடத்தையும் ஒரே முறையில் செல்வோர் குறைவு. கிரேக்க நாட்டுப் பகுதியைத் தனியாகவும், துருக்கிப் பகுதியைத் தனியாகவும் செல்வதே எளிது. கிரேக்கப் பயணம் பெரும்பாலும் தெசலோனிக்காவில் தொடங்கி, கவாலா, பிலிப்பி, பெரோயா, ஏதென்சு வழியாகக் கொரிந்தில் முடியும். துருக்கியில் எபேசுக்குச் செல்வோர் மிகுதி. உள்நாட்டிலுள்ள பிசிதியா நாட்டு அந்தியோக்கியா, லிஸ்திரா, தெருபை ஆகியவற்றுக்குச் செல்வோர் குறைவு. கோடையின் கடும் வெயிலைத் தவிர்க்க ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை.

ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய விவிலியப் பகுதியை வாசிப்பதே இப்பயணத்தின் முதன்மையான வழிபாட்டு முறை. பிலிப்பியில் பிலிப்பியர் கடிதமும், கொரிந்தில் அன்பைப் பற்றிய அதிகாரமும் வாசிக்கப்படுவதுண்டு. இடிபாடுகள் பெரும்பாலும் அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், குழுவாக வழிபாடு நடத்த விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊர்ப்பெயர்கள்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் காணும் பெயர்கள் இன்றைய வரைபடங்களில் இருப்பதில்லை. தேடுவோருக்கு உதவும் சில பெயர்கள்:

• அத்தாலியா – அந்தால்யா, துருக்கி
• பிசிதியா நாட்டு அந்தியோக்கியா – யால்வாச்சு ஊருக்கு அருகில், துருக்கி
• இக்கோனியா – கொன்யா, துருக்கி
• எபேசு – செல்சுக்கு ஊருக்கு அருகில், துருக்கி
• மீரா – தெம்ரே, துருக்கி
• நெயாப்பொலி – கவாலா, கிரேக்கம்
• பெரோயா – வெரியா, கிரேக்கம்
• புத்தயோலி – போட்சுவோலி, இத்தாலி

பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பவர்கள் மேலும் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். அதில் ஏதென்சு 'அத்தேனே' என்றும், அரியோபாகு 'மார்ஸ் மேடை' என்றும், மால்ட்டா 'மெலித்தா' என்றும், அர்த்தமி 'தியானாள்' என்றும் வரும். சேயுசு, எர்மசு ஆகிய கிரேக்கப் பெயர்களுக்கு மாற்றாக 'யூப்பித்தர்', 'மெர்க்கூரி' என்ற உரோமைப் பெயர்கள் இருக்கும்.

இன்றைய நிலை

கிரேக்கம், சைப்பிரசு, மால்ட்டா, இத்தாலி ஆகிய நாடுகளில் பயணிகள் உள்ளூர்க் கிறித்தவர்களோடு சேர்ந்து வழிபட முடியும். பெரோயாவிலும் ஏதென்சிலும் பவுலின் திருநாள் சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. துருக்கியின் உட்பகுதியில் நிலை வேறு. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையின்படி, அனத்தோலியாவில் வாழ்ந்த கிரேக்க மரபுவழிக் கிறித்தவர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கிரேக்கத்தில் வாழ்ந்த முசுலிம்களுள் பெரும்பாலோரும் அவ்வாறே தங்கள் ஊர்களை இழந்தனர். இதனால் பவுல் பெயர் சொல்லிக் கடிதம் எழுதிய ஊர்களுள் சிலவற்றில் அக்கடிதத்தை இன்று வாசிப்பவர்கள் வெளியூரிலிருந்து வரும் பயணிகளே.

அந்தாக்கியா இருக்கும் ஹதாய் மாகாணம் 1939இல்தான் துருக்கியோடு இணைந்தது. ஆகவே 1923ஆம் ஆண்டு உடன்படிக்கை அதைத் தொடவில்லை. அரபு பேசும் சிறிய மரபுவழிக் கிறித்தவ சமூகம் அங்கே தொடர்ந்து வாழ்ந்தது. 2023 பெப்ரவரி 6ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கங்களில் அந்நகரம் பேரழிவைச் சந்தித்தது. அச்சமூகத்தின் கோவிலும் இடிந்து விழுந்தது. மக்களுள் பலர் வேறு ஊர்களுக்குச் சென்றனர். பாறையில் குடைந்த புனித பேதுருவின் குகைக் கோவில் தப்பி நிற்கிறது. 'கிறித்தவர்' என்ற பெயர் முதலில் வழங்கிய ஊரில் அப்பெயரைத் தாங்கிய மக்கள் மீண்டும் கூடி வாழ்வது, இடிந்த வீடுகளும் கோவிலும் மீண்டும் எழுவதைப் பொறுத்தே உள்ளது.